கை வீச்சு குறைகிறதா? 'வயசாயிடுச்சு' என்று கடந்து போகாதீர்கள்

வீட்டில் பழைய கல்யாண வீடியோ ஒன்று கட்டாயம் இருக்கும். பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன் எடுத்தது. அதில் அப்பா வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். மண்டப வாசலுக்குப் போய் யாரையோ வரவேற்பார். அங்கிருந்து பந்திப் பக்கம் ஓடுவார். சமையல்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு விறுவிறுவெனத் திரும்புவார். இரண்டு கைகளும் தாராளமாக வீசிக்கொண்டிருக்கும்.

இப்போது போன பொங்கலுக்கு மொபைலில் எடுத்த வீடியோவைத் திறங்கள். அதே அப்பா, கேட்டில் இருந்து வாசல்படி வரை நடந்து வருகிறார். கால்கள் சரியாகத்தான் போகின்றன. ஆனால், கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தோளும் இடுப்பும் ஒரே பலகைபோலச் சேர்ந்து நகர்கின்றன. பின்னால் இருந்து யாராவது கூப்பிட்டால், கழுத்தை மட்டும் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பிப் பார்க்கிறார்.

இதைக் கவனிக்கிற வீடுகளே குறைவு. கவனித்தாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்."

அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, உண்மையிலேயே வயதால் வரும் மாற்றம். இரண்டாவது, பயன்படுத்தாமல் விட்டதால் போனது. முயன்றால் இதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற முடியும். மூன்றாவது, சிகிச்சை உள்ள ஒரு நோயின் ஆரம்பம். இந்த மூன்றையும் 'வயசு' என்ற ஒரே மூடியைப் போட்டு மூடிவிடுவதுதான் பிரச்சினை.

நடக்கும்போது கை எதற்கு வீசுகிறது?

நடை என்றாலே கால்தான் நினைவுக்கு வரும். மூட்டு வலி, குதிகால் வலி, செருப்பு, கைத்தடி என்று பேச்செல்லாம் இடுப்புக்குக் கீழேயே இருக்கும். ஆனால், மனித நடை என்பது உடம்பின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேர்ந்து செய்கிற வேலை.

இடது கால் முன்னே போகும்போது வலது கை முன்னே வருகிறது. வலது காலுக்கு இடது கை. யாரும் சொல்லித் தந்து இது வருவதில்லை. கால் முன்னே செல்லும்போது இடுப்பும் அதோடு கொஞ்சம் திரும்புகிறது. அதை ஈடுகட்ட எதுவும் இல்லாவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் உடம்பு முழுவதும் பக்கவாட்டில் திருகிக்கொண்டே போகும். தோளும் கையும் எதிர்த்திசையில் திரும்புவதால் அந்தத் திருகல் அடங்குகிறது. தராசின் ஒரு தட்டில் கால் என்றால், மறு தட்டில் கை.

2009இல் ஸ்டீவன் காலின்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலரை இயல்பாகக் கை வீசி நடக்கச் சொன்னார்கள். பிறகு கைகளை அசைக்காமல் நடக்கச் சொன்னார்கள். கையை அசைக்காதபோது உடல் 12% கூடுதல் ஆற்றலைச் செலவழித்தது. வலது காலோடு வலது கை, இடது காலோடு இடது கை என்று மாற்றி வீசி நடந்தபோது கூடுதல் செலவு 26% ஆனது. இயல்பான கை வீச்சுக்குத் தோள் தசைகள் போட வேண்டிய உழைப்போ மிகக் குறைவு. கை பெரும்பாலும் கடிகார ஊசல் மாதிரி தானாகவே ஆடுகிறது.

சந்தேகம் இருந்தால் ஆபீஸ் காரிடாரில் இருபது அடி நடந்து பாருங்கள், கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு. வேகம் குறையும். அடி சின்னதாகும். தோள் இறுகும். 70 வயதுக்காரர் பலர் தினமும் நடக்கிற நடை கிட்டத்தட்ட அதுதான்.

வயதானால் என்ன மாறுகிறது?

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பேட் மரே என்பவரும் அவருடைய குழுவினரும் 1960களில் நடையை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். ஆரோக்கியமான முதிய ஆண்களின் நடையைப் பற்றி அவர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் பேசப்படுகிறது. முதியவர்களின் அடி சின்னதாகியிருந்தது, இடுப்பின் சுழற்சி குறைந்திருந்தது, கை வீசும் விதமும் மாறியிருந்தது. ஆனாலும் அதை ஒரு நோயாளியின் நடை என்று அவர்கள் சொல்லவில்லை. வழுக்கும் தரையில் ஒருவர் எப்படிப் பார்த்துப் பார்த்து நடப்பாரோ, அப்படிப்பட்ட ஜாக்கிரதையான நடை அது என்றார்கள்.

2015இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த ஆய்வு கைகளையும் உடற்சுழற்சியையும் தனியாக எடுத்துக்கொண்டது. 30 முதல் 77 வயது வரையிலான ஆரோக்கியமான 60 பேர். இரண்டு மணிக்கட்டிலும் கீழ் முதுகிலும் சின்ன சென்சார்கள். சாதாரண வேகத்தில் ஒரு நிமிடம், மனதுக்குள் மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே ஒரு நிமிடம், வேகமாக ஒரு நிமிடம் என மூன்று விதமாக நடக்கச் சொன்னார்கள். வயது கூடக் கூட, மூன்று விதங்களிலும் கை வீச்சின் அளவு குறைந்திருந்தது. உடல் திரும்பும் விதத்திலும் வித்தியாசம் இருந்தது.

இதற்கான காரணங்கள் பல.

முதலாவது, வேகம். மெதுவாக நடக்கும்போது யாருக்குமே கை வீச்சு குறைந்துவிடும். தோளும் இடுப்பும் ஒரே பக்கமாகத் திரும்பும். வேகம் கூடும்போதுதான் இரண்டும் எதிரெதிராகத் திரும்பத் தொடங்கும். வயதில் நடை மெதுவாவதால் இந்த எதிர்த்திருப்பமும் குறைகிறது.

இரண்டாவது, முதுகு. வயது ஏறும்போது மேல்முதுகின் வளைவு கூடுகிறது. முதியவர்களில் 20 முதல் 40% பேருக்குக் கூன் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதாக மருத்துவ இலக்கியம் சொல்கிறது. முதுகு வளைந்தால் தோள்கள் முன்னால் சரியும். முன்னால் சரிந்த தோளில் இருந்து தொங்கும் கை, பின்பக்கம் தாராளமாகப் போகாது.

மூன்றாவது, தசை. 30 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8% வரை தசை குறைகிறது. 60க்கு மேல் இது இன்னும் வேகமெடுக்கிறது. கால் தசை மட்டுமல்ல, முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளும் சேர்ந்துதான்.

நான்காவது, பயம். ஒருமுறை பாத்ரூமில் வழுக்கியவர், அதன்பிறகு சமதரையிலும் வழுக்கும் தரையில் நடப்பதுபோலத்தான் நடப்பார்.

பாதுகாப்பே பொறியாகும் இடம்

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். உடம்பு தானாகவே ஜாக்கிரதையாகிக்கொள்கிறது என்றால் அது நல்லதுதானே?

பாதி சரி. கண்ணில் புரை விழுந்து, பாத உணர்ச்சி குறைந்து, காதின் சமநிலை உறுப்பும் மங்கிவிட்ட ஒருவருக்குத் தலையை ஆடாமல் வைத்துக்கொள்வது முக்கியம். தலை ஆடினால் பார்வையும் ஆடும். அதனால் உடம்பு மேல்பாதியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்கு அது புத்திசாலித்தனம்தான்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். இறுக்கிப் பிடித்த முதுகு நாளாக ஆக நிஜமாகவே இறுகிப்போகிறது. கை வீசாததால் அடி சின்னதாகிறது. அடி சின்னதானதால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததால் கை வீச்சு இன்னும் குறைகிறது. கொஞ்ச தூரத்திலேயே களைப்பு வருகிறது. "கடை வரைக்கும் போக முடியலப்பா" என்கிறார். போகாமல் உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்தால் தசை இன்னும் குறைகிறது.

தடுக்கும்போது நடப்பது இன்னும் முக்கியம். கால் இடறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் கைகள் விரிந்து உடம்பை நிலைநிறுத்தப் பார்க்கும். முடியாவிட்டால் தரையில் ஊன்றும். அதனால்தான் ஐம்பதுகளில், அறுபதுகளின் தொடக்கத்தில் விழுகிற பெண்களுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு அதிகம். 75ஐத் தாண்டியவர்களிடம் இடுப்பு எலும்பு முறிவு ஏறிக்கொண்டே போகிறது. எலும்பு பலவீனமாவது ஒரு காரணம். ஊன்ற வேண்டிய கை உரிய நேரத்தில் வராதது இன்னொரு காரணம் என்பது மருத்துவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. மணிக்கட்டு உடைந்தால் ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பு உடைந்தால் பல முதியவர்கள் பழையபடி தனியாக நடப்பதே இல்லை.

உலக அளவில் விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்பாராத காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிகம் இறப்பவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள்.

கை இன்னும் மறக்கவில்லை

மேலே சொன்ன 2015 ஆய்வில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 61 முதல் 77 வயது வரை இருந்த குழுவினரை "வேகமாக நடங்கள்" என்று சொன்னபோது, குறைந்திருந்த அவர்களின் கை வீச்சு மீண்டும் கூடியது.

கை வீசத் தெரியாமல் போய்விடவில்லை என்பதுதான் இதன் பொருள். ஆரோக்கியமான முதியவரிடம் அந்தத் திறன் உள்ளே இருக்கிறது. அன்றாட நடையில் அது வெளியே வருவதில்லை. 'வயசாயிடுச்சு' என்று மூடிவைக்கிற விஷயத்தில் ஒரு பகுதி, உண்மையில் கேட்டால் திரும்பி வரக்கூடியது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மனக்கணக்குப் போட்டபடி நடக்கச் சொன்னதும் மூத்த குழுவினரின் கை வீச்சு குறைந்தது, இடது வலது வித்தியாசம் கூடியது. இளையவர்களிடம் அந்த வித்தியாசம் கூடவில்லை. இளம் வயதில் நடை தானாக ஓடுகிற வேலை. வயதானபின் அதற்கும் மூளையின் கவனத்தில் ஒரு பங்கு தேவைப்படுகிறது. 1997இல் 'லான்செட்' இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை எளிமையாகக் காட்டினார்கள்: முதியவரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுங்கள், பதில் சொல்வதற்காக நடையை நிறுத்துகிறவர், அடுத்த சில மாதங்களில் விழும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே, அம்மா மார்க்கெட்டில் இருக்கும்போது போன் செய்தால், "நின்னு பேசும்மா" என்பது முதல் வார்த்தையாக இருக்கட்டும். போனைப் பார்த்துக்கொண்டே மெட்ரோவில் இருந்து இறங்கி நடக்கிற பிள்ளைகளும் அந்த நேரத்தில் கை வீசுவதில்லை, முதுகைத் திருப்புவதில்லை. 30 வயது உடம்பு அதைத் தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கை மட்டும் நின்றுவிட்டால்?

வயதால் வரும் மாற்றம் பொதுவாக இரண்டு கைகளிலும், ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்ல வரும். ஒரு கை மட்டும் வீசாமல் நின்றுவிட்டால் கதை வேறு.

பார்கின்சன் நோயின் ஆரம்ப அறிகுறிகளில் இதுவும் ஒன்று. நடுக்குவாதம் என்ற பெயரால் கை நடுங்கினால்தான் அந்த நோய் என்று பலரும் நினைக்கிறார்கள். எல்லோருக்கும் நடுக்கம் முதலில் வருவதில்லை. மூளையில் டோபமின் குறையும்போது, யோசிக்காமல் நடக்கிற அசைவுகள் அடிபடுகின்றன. கை வீச்சு அப்படிப்பட்ட அசைவு. நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். அதனால் ஒரு கை வீசும், மற்றது தொங்கும்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது ஆறு பேரைத்தான் விவரித்தார். அதில் எல்லோரும் அவருடைய நோயாளிகள் அல்ல. சிலரை அவர் தெருவில்தான் பார்த்தார். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. தெருவில் போகிறவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று உற்றுப் பார்த்ததும் அந்தக் கண்டுபிடிப்பின் ஒரு பகுதி. இன்றும் அந்தப் பார்வைக்குச் செலவு கிடையாது.

ஒரு பக்கக் கை வீச்சு குறைந்திருப்பதோடு வேறு சிலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்து சின்னதாகிக்கொண்டே வருவது. சட்டைப் பட்டன் போட அதிக நேரமாவது. வாசனை தெரியாமல் போவது. நீண்ட நாள் மலச்சிக்கல். தூக்கத்தில் கனவு கண்டு கத்துவது, கை கால்களை உதறுவது. முகத்தில் உணர்ச்சி குறைந்து, "அப்பா ஏன் கோவமாவே இருக்கார்?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்கின்சனை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் அறிகுறிகளைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் இருக்கின்றன; உடற்பயிற்சியும் உதவுகிறது.

ஆனால், உடனே பயந்துவிடவும் வேண்டாம். கை வீசாததற்கு வேறு காரணங்களும் உண்டு.

சர்க்கரை நோயாளிகளுக்கு 'ஃப்ரோசன் ஷோல்டர்' எனப்படும் தோள்பட்டை இறுக்கம் அதிகம் வரும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். அதனால் தோள் இறுக்கம் என்பது அபூர்வமான விஷயமே இல்லை. வித்தியாசம் தெரிந்துகொள்ள ஒரு வழி: தோள் பிரச்சினை என்றால் கையைத் தூக்கும்போது வலிக்கும், சட்டை மாட்டவே கஷ்டப்படுவார். அதேநேரம், பார்கின்சன் நோயும் சிலருக்கு முதலில் தோள்வலியாகவே வெளிப்படும். எனவே சிகிச்சை எடுத்தும் சரியாகாத தோள்வலியை மறுபடியும் காட்டுவது நல்லது.

சில மாத்திரைகளும் பார்கின்சன் போன்ற நடையை உண்டாக்கும். தலைசுற்றலுக்குத் தரப்படும் சின்னாரிசின், புளூனாரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, சில மனநல மருந்துகள் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. எப்போதோ எழுதிக் கொடுத்த தலைசுற்றல் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் தொடர்ந்து வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் வீட்டுக்கு வீடு இருப்பார்கள். தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

பழக்கமும் ஒரு காரணம்தான். ரஷ்ய அதிபர் புதின் நடக்கும்போது வலது கை அதிகம் வீசுவதில்லை. அதை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர்கள் 2015இல் 'பிஎம்ஜே' இதழில் எழுதினார்கள்: நோயாக இருக்க வேண்டியதில்லை, துப்பாக்கி இருக்கும் பக்கம் கையை மார்புக்கு அருகிலேயே வைத்தபடி நடக்க வேண்டும் என்ற கேஜிபி பயிற்சியின் மிச்சமாக இருக்கலாம். நம்மூர் அப்பாக்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அம்மாக்களுக்குப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கும் பழக்கம். தாத்தாக்கள் பலர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார்கள். இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். முன்பு வீசிய கை இப்போது வீசவில்லையா என்பதே கேள்வி. பழைய வீடியோ உதவுவது இங்கேதான்.

ஒன்றே ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரு கை திடீரென, அதாவது நிமிடங்களில் அல்லது மணிக்கணக்கில் பலமிழந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அன்பு செய்கிற தவறு

நோய் இல்லை, வயதும் பழக்கமும்தான் காரணம் என்று தெரிந்த பிறகு வீடுகள் செய்வது என்ன? பெரும்பாலும், நடையைப் பறித்துவிடுகின்றன.

"நீங்க எதுக்குப்பா வெளிய போறீங்க, நான் ஆன்லைன்ல போட்டுடறேன்." "மாடிக்கு ஏறாதீங்கம்மா, துணி நான் காயப் போடறேன்." பெங்களூரில் இருந்துகொண்டே திருநெல்வேலி வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் பால் வரவைக்க முடிகிற காலம் இது. சொல்வது அன்பால்தான். விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்ற பயமும் உண்மையானதுதான். உடைந்த நடைபாதை, அதன் மேலேயே நிறுத்தியிருக்கும் பைக், தெரு நாய், விளக்கில்லாத தெரு என்று வெளியே இருக்கும் ஆபத்துகளும் கற்பனை இல்லை.

ஆனாலும், உட்காரவைப்பது விழாமல் காப்பாற்றுவது ஆகாது. விழும் நாளைத் தள்ளிவைத்து, விழும்போது தாங்கும் சக்தியையும் குறைத்துவிடுகிறது. 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சி செய்யும் முதியவர்களிடம் விழுதல்கள் 23% குறைந்ததாகச் சொல்கிறது. அதில் முன்னணியில் இருந்தவை சமநிலைப் பயிற்சியும், எழுந்து உட்கார்வது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சிகளும்.

ஆக, வீட்டில் செய்யக்கூடியவை இவை.

கைகளை விடுவியுங்கள். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் போன், கக்கத்தில் குடை என்று நடப்பவர் இடறினால் ஊன்றக் கை இல்லை. முதுகில் மாட்டும் சின்னப் பை வாங்கிக் கொடுங்கள். முதலில் கூச்சப்படுவார்கள், பிறகு பழகிவிடும்.

ஒரு நிமிடம் வேகமாக நடக்கச் சொல்லுங்கள். காலையில் நடக்கும்போது இடையிடையே ஒரு நிமிடம் மட்டும், கையை நன்றாக வீசி, கொஞ்சம் வேகமாக. இதய நோய், மூச்சுத்திணறல், தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகு.

முதுகுக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தோள்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுவது ஆகியவை எளிய தொடக்கம். எலும்புத் தேய்மானம் இருப்பதாக ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள், திருப்புவதையும் குனிவதையும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கைத்தடி தேவையென்றால் சரியாகப் பிடிக்கட்டும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடி இருக்க வேண்டும். பலர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள்.

ஐந்து விநாடி கணக்கு. வீட்டு ஹாலில் 4 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி மொபைலில் நேரம் பாருங்கள். 5 விநாடிக்கு மேல் ஆனால், அதாவது விநாடிக்கு 0.8 மீட்டருக்கும் குறைவு என்றால், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. 65 வயதைக் கடந்த 34,485 பேரின் தரவுகளை வைத்து 2011இல் 'ஜாமா' இதழில் வெளியான ஆய்வு, நடை வேகத்துக்கும் ஆயுளுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியது.

மருத்துவமனையும் பார்க்க வேண்டும்

இது வீட்டோடு முடிகிற விஷயம் அல்ல. 2021இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6%. 2031இல் இது 18.2% ஆகும் என்கிறது மத்திய அரசின் மதிப்பீடு. முதியவர்களின் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாநிலம் இது.

இப்போது ஒரு முதியவர் கிளினிக்குக்குப் போனால் என்ன நடக்கிறது? மகன் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். அவர் உட்கார்கிறார். பிபி, சர்க்கரை பார்க்கிறார்கள். மாத்திரை எழுதுகிறார்கள். உள்ளே வந்தபோது அவர் எப்படி நடந்தார் என்பதை யாரும் குறித்துக்கொள்வதில்லை. பிபிக்கு ஓர் எண் இருக்கிறது, சர்க்கரைக்கு ஓர் எண் இருக்கிறது, நடைக்கு மட்டும் இல்லை.

இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை பார்க்கிறார்கள்; பிசியோதெரபி சேவையும் அதில் இருக்கிறது. அந்த வருகையில் 4 மீட்டர் நடையையும், இரண்டு கைகளும் வீசுகின்றனவா என்ற ஒரு பார்வையையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. அதேபோல, 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்துக்காக மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபாதையை அடையாளம் காண முடிந்தது என்றால், ஒவ்வொரு தெருவிலும் முதியவர் கடை வரை கை வீசி நடக்க ஒரு 300 மீட்டர் நடைபாதையைச் சீராக வைத்திருப்பதும் முடியாத காரியம் இல்லை.

அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது, வாசலில் இறங்கியதும் "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா?" என்பதோடு விசாரிப்பை முடித்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் காலை டீக்கடை வரை அவரோடு நடந்து போங்கள். போகும்போது இரண்டு அடி பின்தங்கி, தோளையும் கையையும் கொஞ்ச நேரம் பாருங்கள். திரும்பி வரும்போது அவர் கையில் பை இருந்தால், அதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.